நில்லாதிருக்க வேண்டிய இயந்திரம்: இதய முடுக்கியின் வரலாறும் உயிர்மருத்துவப் பொறியியலாளரின் பணியும்

மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தவர் வள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கும் ஒருங்கே அமைந்தாலன்றி மருத்துவம் நிறைவுறாது என்பது அவர் கருத்து. பன்னூறு ஆண்டுகளாக இவ்வகுப்பு மாற்றமின்றி நிலவியது. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றிலே நோயாளியின் படுக்கையருகே புதியவர் ஒருவர் வந்து நின்றார். அவர் நாடி பார்க்கக் கற்றவரல்லர். மின்சுற்றையும் உலோகத்தையும் பற்றவைப்புக் கோலையும் அறிந்தவர். உயிர்மருத்துவப் பொறியியலாளர் என இன்று வழங்கப்படும் இவருக்கு அந்நான்கு கூறுகளுள் எவ்விடம் உரியது என்பது சிந்தனைக்குரிய வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு இதய முடுக்கியின் வரலாறு மிகவும் ஏற்புடையது. பேஸ்மேக்கர் என்னும் பெயராற் பலரும் அறிந்த இச்சிறு கருவி, தளர்ந்த இதயத்துக்கு மின்துடிப்புகளை ஒழுங்காக வழங்கி அதனை இயங்கச் செய்வது. இதன் வரலாற்றில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. மின்துடிப்பினால் மனித இதயமொன்று 1928ஆம் ஆண்டிலேயே மீண்டும் இயக்கப்பட்டது. எனினும், இம்முறை மருத்துவத்தில் நிலைபெறுவதற்கு அதன் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று முப்பதாண்டுகள் ஏன் காத்திருந்தது? இதற்கு விடை காண முயலுமிடத்து, உயிர்மருத்துவப் பொறியியலாளரின் பணி யாது என்பதும் ஒருவாறு தெளிவாகும்.

இதயமும் மின்னும்

இதயம் பிறிதொன்றின் ஏவலின்றித் தானே துடிக்கும் இயல்பினது. வலச் சோணையறையின் சுவரிலுள்ள சிறு கணுவொன்றில் மின்தூண்டல் எழுந்து, சோணையறைகளிற் பரவி, தனிப்பட்ட இழையக் கற்றையொன்றின் வழியே கீழுள்ள இதயவறைகளை அடைகின்றது. யப்பானிய அறிஞர் தவாரா 1906இல் இப்பாதையின் அமைப்பை விளக்கினார். கீத், பிளாக் என்னும் பிரித்தானியர் இருவர் தூண்டல் எழும் கணுவினை 1907இல் விவரித்தனர். கடத்தற் பாதை பழுதுறின் மேலறைகள் தம்பாட்டிலே துடிக்க, கீழறைகள் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது தடவைகளோ அதனினுங் குறைவாகவோ மட்டுமே துடிக்கும். சில கணங்கள் துடிப்பு முற்றாக நின்றுவிடுவதுமுண்டு. மூளைக்குக் குருதி செல்லாமையினால் நோயாளி நினைவிழந்து வீழ்வார். இந்நிலையே இதயக் கடத்தற்றடை எனப்படுவது.

உயிரிழையத்துக்கும் மின்னுக்குமுள்ள தொடர்பு இதற்கு மிக முன்னரே உணரப்பட்டிருந்தது. தவளையின் கால்களைக் கொண்டு கல்வானி செய்த சோதனைகள் 1791இல் வெளியாயின. 1887இல் இலண்டனில் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரப் பேராசிரியர் எயின்தோவன் இழைக் கல்வனோமானி கொண்டு அவ்வலைகளைத் தெளிவாகப் பதியும் முறையினை நிறுவினார். அதற்காக 1924இல் நொபெல் பரிசும் பெற்றார். அவரது கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தனர். நோயாளியிடம் கருவியைக் கொண்டுசெல்ல இயலாமையால், வைத்தியசாலையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த தமது ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக அலைகளைப் பெற்று அவர் பதிவு செய்தார். ஆய்வுகூடமும் நோயாளர் விடுதியும் வேறு வேறு இடங்களில் இருந்தன என்பதனை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. இத்தூரத்தைக் குறைத்தமையே உயிர்மருத்துவப் பொறியியலின் வரலாறு என்று கூறினும் பொருந்தும்.

கனி தராத முயற்சிகள்

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே மார்க் லிட்வில் என்னும் மருத்துவர், எட்கர் பூத் என்னும் பௌதிகவியலாளரின் துணையுடன் ஒரு கருவியை அமைத்தார். அதன் ஒரு முனை உப்புநீரில் நனைத்த திண்டாகத் தோலின்மீது வைக்கப்படும்; மறுமுனை ஊசியாக இதயத்தினுள்ளே செலுத்தப்படும். மின்விளக்குக்குரிய இணைப்பிலிருந்தே அது மின்னைப் பெற்றது. 1928இல் துடிப்பின்றிப் பிறந்த குழந்தையொன்றின் இதயம் பிற வழிகள் யாவும் பயனற்றுப்போன நிலையில் இக்கருவியினால் மீண்டும் இயங்கியது. ஏறத்தாழ பத்து நிமிடங்களின் பின் அது தானே துடிக்கத் தொடங்க, குழந்தை பிழைத்தது. மறுவருடம் மருத்துவ மாநாடொன்றிலே லிட்வில் இதனை எடுத்துரைத்தார். எனினும் அம்முயற்சி தொடரப்படவில்லை.

நியூயோர்க் நகர மருத்துவரான அல்பேட் ஹைமன், பொறியியலாளரான தம் சகோதரரின் உதவியுடன் 1932இல் வேறொரு கருவியை உருவாக்கினார். கையாற் சுற்றி முறுக்கப்படும் சுருள்வில் ஒன்று சிறு மின்பிறப்பாக்கியை ஓட்டி, ஊசி வழியாக இதயத்துக்குத் துடிப்புகளை அனுப்பியது. செயற்கை முடுக்கி என்னும் பெயரை வழங்கியவரும் ஹைமனே. நின்ற இதயத்தை இயந்திரத்தால் எழுப்புதல் இயற்கையின் ஒழுங்கிலே தலையிடுவதாகும் என்ற எதிர்ப்பும் அக்காலத்தில் எழுந்தது. ஹைமனின் கருவியும் மருத்துவ உலகின் ஏற்பினைப் பெறவில்லை.

கனடாவிலே இம்முயற்சி வேறொரு திசையிலிருந்து புத்துயிர் பெற்றது. ரொறன்ரோ நகரிலே பிகலோ, கலகன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இருவர், உடலைக் குளிரூட்டி இதயத்திற் சிகிச்சை செய்வது பற்றி நாய்களைக் கொண்டு ஆராய்ந்து வந்தனர். குளிரினால் நின்றுபோன இதயமொன்றைக் கருவியின் முனையாற் குத்தியபோது அது சுருங்கியது. மீண்டும் குத்த மீண்டும் சுருங்கியது. குத்துதலுக்குப் பதிலாக மின்துடிப்பைப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் உதித்தது. தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த மின்பொறியியலாளர் ஜோன் ஹொப்ஸ் இதற்கான கருவியை 1950இல் அமைத்துக் கொடுத்தார். வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அக்கருவி வீட்டு வானொலிப் பெட்டியினும் பெரியது. சுவரிலுள்ள மின்னிணைப்பின்றி இயங்காதது. ஹொப்ஸ் பின்னர் கனடாவின் மருத்துவ, உயிரியற் பொறியியற் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்று 1965இல் அதன் முதற்றலைவரானார். 1984இல் அவருடைய இதயத்துக்கே முடுக்கியொன்று தேவைப்பட்டது.

பொஸ்ரன் நகரிலே போல் சோல் என்னும் மருத்துவர் 1952இல் நெஞ்சின் மேற்றோலில் மின்வாய்களை வைத்து இதயத்தைத் தூண்டும் முறையினைக் கையாண்டார். உயிர்கள் காக்கப்பட்டன. ஆனால், ஒவ்வொரு துடிப்பும் நெஞ்சுத் தசைகளையும் சுரீரென இழுத்து நோவினை உண்டாக்கிற்று. நாட்கணக்கிற் பயன்படுத்தின் தோலிற் புண்கள் தோன்றின. 1958இல் நியூயோர்க்கிலே பேர்மன் என்பவர் நாளத்தின் வழியே மின்கம்பியை இதயத்தினுட் செலுத்தி இந்நோவினை நீக்கினார். அவருடைய நோயாளியும் நீண்ட மின்கம்பியினால் சுவரோடு பிணைக்கப்பட்டவராகவே இருந்தார்.

இம்முயற்சிகள் யாவற்றிலும் மருத்துவரோடு பௌதிகவியலாளரோ பொறியியலாளரோ சேர்ந்தே உழைத்தமை தெரிகின்றது. ஆகவே, முப்பதாண்டுக் காலத் தாமதத்துக்கு அறிவின் குறைபாட்டைக் காரணங்காட்ட முடியாது. வழமையாகத் தரப்படும் விடை திரான்சிற்றர் என்பதாகும். 1947 டிசெம்பரிற் பெல் ஆய்வுகூடங்களில் உருவான இச்சிறு பொருள், வெற்றிடக் குழாயின் பருமனையும் வெப்பத்தையும் மின்தேவையையும் நீக்கியது என்பதும், அஃதின்றிச் சிறிய முடுக்கி சாத்தியமில்லை என்பதும் உண்மையே. ஆனால், கருவிக்கு வேண்டிய உறுப்புக் கிடைத்துவிட்டமை மட்டுமே கருவியைத் தோற்றுவித்துவிடாது. அதனை வேண்டி நிற்கும் தேவையும், அத்தேவையை நேரிற் கண்டறியும் ஆளும் ஓரிடத்திற் சந்திக்க வேண்டும். அச்சந்திப்பு நிகழ்ந்த இடம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம்.

மினியாபொலிஸ் நிகழ்ச்சி

மினசோற்றாப் பல்கலைக்கழகத்திலே வோல்ற்றன் லிலஹை என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1954 முதலாகத் திறந்த இதய சிகிச்சையிற் பெரும் வெற்றிகளை ஈட்டி வந்தார். இதயவறைகளுக்கிடையேயுள்ள சுவரில் துவாரத்துடன் பிறந்த குழந்தைகள் அவரது கையால் நலம் பெற்றனர். ஆயினும், துவாரத்தைத் தைக்கும் ஊசி சில வேளைகளில் அருகே செல்லும் கடத்தற் கற்றையைக் காயப்படுத்திவிடும். துவாரம் அடைபடும், இதயமோ துடிக்க மறுக்கும். ஏறத்தாழ பத்துக் குழந்தைகளில் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தது.

இத்தேவை முன்னைய தேவைகளினின்றும் வேறுபட்டது. அதுவரை கடத்தற்றடை பெரும்பாலும் முதியோரைப் பீடிக்கும் நோயாகவே கருதப்பட்டது. மருத்துவர்கள் அதனை விதியென ஏற்றுக்கொண்டனர். இப்பொழுதோ அது குழந்தைகளுக்கு நேர்ந்தது. அதுவும் குணப்படுத்த முனைந்த கையினாலேயே நேர்ந்தது. இதனை விதியென ஏற்றுக்கொள்ள எவராலும் இயலவில்லை. அன்றியும், இத்தகைய தடை பல வேளைகளிற் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே நீங்கிவிடும். அதுவரை இதயத்தை இயக்குவித்தாற் குழந்தை பிழைத்துவிடும். எனவே, 1957 ஜனவரியில் லிலஹை குழுவினர் மெல்லிய கம்பியொன்றை இதயத் தசையிலேயே பொருத்தி, உடற்றொழிலியல் ஆய்வுகூடத்துத் தூண்டற் கருவியோடு இணைத்தனர். மிகச் சிறிய மின்னளவே போதியதாயிற்று. குழந்தைக்கு நோவு இல்லை.

ஆனால், கருவி சுவரிலிருந்தே மின்னைப் பெற்றது. குழந்தையை வேறிடத்துக்குக் கொண்டு செல்லும்போது நீண்ட கம்பிகள் நடைபாதைகள் நெடுகிலும் உடன்சென்றன. 1957 ஒக்டோபர் 31ஆந் திகதி மினியாபொலிஸ் நகரின் மின்விநியோகம் தடைப்பட்டது. சத்திரசிகிச்சை அறைகளுக்கு அவசர மின் வசதி இருந்தது. நோயாளர் விடுதிகளுக்கு அது இருக்கவில்லை. அன்று குழந்தையொன்று உயிரிழந்ததெனப் பல நூல்கள் கூறுகின்றன. இதயத்தையும் நகர மின்னிலையத்தையும் ஒரே கம்பியாற் பிணைத்தலாகாது என்பது அன்று ஐயமின்றி உணரப்பட்டது.

இவ்விடத்திலேதான் ஏர்ள் பாக்கன் இவ்வரலாற்றினுள் நுழைகின்றார். மின்பொறியியல் பயின்ற பாக்கன் பெரும் ஆய்வுகூடம் எதனையும் சேர்ந்தவரல்லர். அவருடைய மனைவி வைத்தியசாலையொன்றில் மருத்துவத் தொழினுட்பவியலாளராகப் பணியாற்றினார். அங்கு செல்லும் வேளைகளிற் பழுதடைந்த கருவிகளைப் பார்த்துத் தருமாறு அங்குள்ளோர் பாக்கனைக் கேட்பது வழக்கமாயிற்று. இதனையே தொழிலாகக் கொள்ளலாமெனக் கருதி 1949இல் உறவினர் ஒருவருடன் கூடி, கராஜ் ஒன்றிலே மெட்ரொனிக் என்னும் சிறு நிறுவனத்தை ஆரம்பித்தார். முதல் மாத வருமானம் எட்டு டொலர் மாத்திரமே. பல்கலைக்கழக வைத்தியசாலையின் கருவிகளைத் திருத்துவதற்காக அவர் சத்திரசிகிச்சை அறை வரையிலும் சென்று வந்தார். ஆகவே, மின்தடை நிகழ்ந்தபின் மின்கலத்தால் இயங்கும் கருவியொன்று தேவையென லிலஹை எண்ணியபோது, யாரைக் கேட்பது என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. கேட்கப்பட வேண்டியவர் ஏற்கெனவே அங்கே நின்றார்.

மோட்டார் வண்டி மின்கலத்தைக் கொண்டு பழைய கருவியை இயக்கலாமா என்றே பாக்கன் முதலில் எண்ணினார். பின்னர், இதயத்துக்கு வேண்டிய சிறு துடிப்பை உண்டாக்க அத்துணை பெரிய ஏற்பாடு எதற்கு என வினவினார். மின்னியற் பொழுதுபோக்குச் சஞ்சிகையொன்றிலே இசைப் பயிற்சியாளருக்கான தாளக்காட்டியின் சுற்றொன்றைக் கண்டது அவர் நினைவுக்கு வந்தது. இரண்டு திரான்சிற்றர்களைக் கொண்ட அச்சுற்று ஒழுங்கான இடைவெளிகளில் ஒலிபெருக்கிக்குத் துடிப்புகளை அனுப்புவது. ஒலிபெருக்கியை நீக்கிவிட்டு இதயக் கம்பியை இணைத்தலே வேண்டியது. நான்கு வாரங்களில், ஏறத்தாழ நான்கு அங்குலச் சதுர அலுமினியப் பெட்டியினுள் சிறு இரச மின்கலத்துடன் கருவி ஆயத்தமாயிற்று.

அது முதலில் நாயொன்றின்மீது சோதிக்கப்பட்டது. மறுநாள் வைத்தியசாலைக்குச் சென்ற பாக்கன், தாம் சோதனைக்கென அமைத்த அதே பெட்டி சிறுமியொருத்தியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கக் கண்டு திகைத்தார். சிறந்ததொரு கருவி கைவசமிருக்க அதனைப் பயன்படுத்தாமற் குழந்தையொன்றை இழக்கத் தாம் ஆயத்தமாக இல்லை என்பதே லிலஹையின் விளக்கமாக இருந்தது. அக்கணத்திற் பாக்கனின் நிலை முற்றாக மாறிவிட்டது. முதல்நாள் அவர் ஒரு சுற்றினை அமைத்தவர். மறுநாள் ஓர் உயிருக்குப் பொறுப்பாளர். பெட்டி நின்றாற் குழந்தையும் நிற்கும். உயிர்மருத்துவப் பொறியியலாளர் என்னும் புதியவரின் பிறப்பினை எங்கேனும் குறித்துக்காட்ட வேண்டின், இத்திகைப்பிலே அதனைக் குறிப்பிடுதல் தகும்.

உடலினுள்ளே

முடுக்கியை உடலினுள்ளேயே பதிக்கும் முயற்சிகளும் அக்காலத்தில் நிகழ்ந்தன. சுவீடனிலே ஆர்னே லார்சன் என்னும் பொறியியலாளர் நாளொன்றுக்கு இருபது, முப்பது தடவைகள் நினைவிழந்து வீழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்ஸ்-மரி, மருத்துவம் பயின்று கருவியாக்கத்துக்குத் திரும்பியிருந்த றூனே எல்ம்குவிஸ்ற் என்பவரையும், சத்திரசிகிச்சை நிபுணர் ஓக்கே சென்னிங் என்பவரையும் மீண்டும் மீண்டும் அணுகி வற்புறுத்தினார். மனிதருக்குப் பதிக்கத்தக்க கருவி தம்மிடமில்லை என அவர்கள் கூறியபோதும், அவ்வாறாயின் ஒன்றனை அமையுங்கள் என்பதே அவரது வேண்டுகோளாக இருந்தது. காலணி மெருகுப் பசை அடைத்து வரும் சிறு தகரத்தை அச்சாகக் கொண்டு பிசின் வார்த்து உருவாக்கப்பட்ட கருவி 1958 ஒக்டோபர் 8ஆந் திகதி லார்சனின் உடலிற் பதிக்கப்பட்டது. முதற்கருவி சில மணித்தியாலங்களிலேயே செயலிழந்தது. உடனே மாற்றப்பட்ட இரண்டாவதும் நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் லார்சன் பிழைத்தார். பின்வந்த ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட முடுக்கிகளைத் தம் உடலிற் தாங்கினார். தம்மைக் காத்த எல்ம்குவிஸ்ற், சென்னிங் இருவர்க்கும் பின்னரும் வாழ்ந்து 2001 டிசெம்பரில் தமது 86ஆம் வயதிலே காலமானார்.

அமெரிக்காவின் பவலோ நகரத்தவரான வில்சன் கிரேற்பாச் பற்றிய செய்தி பலரும் அறிந்தது. இதய ஒலியைப் பதியும் கருவியொன்றினை அமைக்கும்போது அவர் பத்தாயிரம் ஓம் தடையிக்குப் பதிலாகத் தவறுதலாகப் பத்து இலட்சம் ஓம் தடையியைப் பொருத்தினார். சுற்று ஒரு கணம் துடித்து, ஒரு செக்கன் ஓய்ந்து, மீண்டும் துடித்தது. அஃது இதயத்தின் துடிப்பையொத்திருப்பதை அவர் உடனே உணர்ந்தார். இத்தவற்றினாலேயே முடுக்கி பிறந்ததென நூல்கள் கூறி மகிழ்வதுண்டு. ஆனால், கிரேற்பாச் இதயக் கடத்தற்றடை பற்றி ஏற்கெனவே மருத்துவரோடு உரையாடியிருந்தார்; அதனாலேயே அத்துடிப்பு அவருக்குப் பொருளுடையதாயிற்று. அன்றியும், தவறு நிகழ்ந்தது ஒரு கணத்தில். அதன் பின் தொடர்ந்த உழைப்போ ஆண்டுக்கணக்கானது. 1958 மே மாதத்தில் சார்டாக் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் அவரது கருவியை நாயொன்றிற் பொருத்தினார். கருவி இயங்கியது; ஆனால் சில மணித்தியாலங்களில் உடலின் நீர்மம் உட்புகுந்து அதனை நிறுத்திற்று. கிரேற்பாச் தம்மிடமிருந்த இரண்டாயிரம் டொலரை எடுத்துக்கொண்டு வேலையைத் துறந்து, வீட்டின் பின்புறத்துக் களஞ்சியக் கொட்டிலிலே ஏறத்தாழ ஐம்பது முடுக்கிகளைத் தம் கையாற் செய்தார். திரான்சிற்றர்கள் வீட்டிலிருந்த வெப்ப அடுப்பிற் சூடேற்றிச் சோதிக்கப்பட்டன. அவருடைய மனைவி எலினோர் அவற்றைப் பென்சிலாற் தட்டித் தட்டி, அதிர்ச்சியைத் தாங்குவனவற்றை மட்டும் தெரிந்தெடுத்தார். 1960இல் இக்கருவிகள் மனிதருக்குப் பதிக்கப்பட்டன. தற்செயலாகப் பொருந்திய தடையி ஒரு கருத்தைத் தந்தது. நோயாளியைக் காத்ததோ பென்சிலாற் தட்டிய அப்பொறுமையேயாகும்.

பிழைகள் கற்பித்தவை

முடுக்கியின் பிற்கால வளர்ச்சியை நோக்குமிடத்து, ஒவ்வொரு முன்னேற்றமும் ஒவ்வொரு செயலிழப்புக்கு விடையாக அமைந்தமை புலனாகும். இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஓரிலட்சம் தடவைகள் துடிக்கின்றது. அதாவது ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை தடவைகளும் கம்பி வளைந்து நிமிர வேண்டும். தொடக்கக் காலக் கம்பிகள் முறிந்தன. சுருளாக அமைக்கப்பட்ட கம்பிகள் அதற்கு விடையாயின. இடைவிடாது ஒரே கதியிற் துடிப்பை வழங்கிய முன்னைய கருவிகள், இதயம் தானே துடிக்கும் வேளையிலும் குறுக்கிட்டு அதன் ஒழுங்கைக் குலைக்கும் ஆபத்துடையன. இதயம் துடிக்கத் தவறும்போது மட்டும் தூண்டும் முடுக்கியைப் பெர்கொவிற்ஸ் என்பவர் 1964இல் அமைத்தார். தான் எப்பொழுது வாளாவிருக்க வேண்டும் என்பதையும் இயந்திரம் அறிய வேண்டியதாயிற்று.

இவை யாவற்றினும் பெரிய இடர் மின்கலமே. இரச மின்கலங்கள் ஏறத்தாழ ஈராண்டுகளிலே தளர்ந்தன. அவ்வேளைகளில் நோயாளி மீண்டும் கத்திக்கு உட்பட வேண்டியிருந்தது. அத்துடன் அம்மின்கலங்கள் இயங்குகையில் ஐதரசன் வாயுவை வெளியிட்டமையால் கருவியை முற்றாக மூடிவிடவும் இயலவில்லை. வாயு வெளியேறத்தக்க பிசினுறையினூடாக உடலின் ஈரம் உள்ளே புகுந்தது. புளுத்தோனியத்தின் கதிரியக்க வெப்பத்தால் இயங்கும் முடுக்கியொன்று 1970இல் பாரிசிலே பதிக்கப்பட்டதும் இவ்விடருக்கு மாற்றுத் தேடியே. நிலைத்த தீர்வினை 1972 முதற் பயன்பாட்டுக்கு வந்த இலிதியம்-அயடீன் மின்கலம் அளித்தது. இம்மின்கலத்தை முடுக்கிக்கு ஏற்றதாக்குவதிலும் கிரேற்பாச் முன்னின்றார். அது வாயுவை வெளியிடாது. ஆதலாற் கருவியை தைத்தேனியப் பேழையிலிட்டுக் காற்றும் புகாதவாறு பற்றவைத்து மூட முடிந்தது. அதன் இன்னொரு பண்பு பெரிதும் கவனத்துக்குரியது. அதன் உட்டடை சிறிது சிறிதாகவே உயர்ந்து செல்வதால், முடிவு நெருங்குவதை மாதங்களுக்கு முன்னரே அளந்தறியலாம். என்றும் நில்லாத இயந்திரத்தை எவராலும் ஆக்க முடியாது. ஆனால், நிற்பதற்கு முன் அறிவிக்கும் இயந்திரத்தை ஆக்கலாம். இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டமை பொறியியலாளரின் முதிர்ச்சியைக் காட்டுவதாகும்.

தொழிலும் இக்காலப் பகுதியிலே தனக்கெனச் சங்கங்களையும் சட்டங்களையும் பெற்றது. மருத்துவ மின்னியலுக்கும் உயிரியற் பொறியியலுக்குமான சர்வதேசச் சம்மேளனம் 1959இல் பாரிசிலே தோன்றியது. மருத்துவக் கருவிகள் விற்பனைக்கு முன்னரே பாதுகாப்புக்காக ஆராயப்பட வேண்டுமென அமெரிக்கா 1976இல் சட்டமியற்றியது. முதல்நாள் நாயிற் சோதித்த கருவியை மறுநாள் குழந்தையிற் பொருத்துதல் இன்று எவராலும் அனுமதிக்கப்படாதது. அன்று அது ஒரு குழந்தையைக் காத்தது என்பதும், அதே துணிவு கட்டுப்பாடின்றித் தொடர்ந்திருப்பிற் பலரைக் கொன்றிருக்கும் என்பதும் ஒருங்கே உண்மையாகும். இவ்விரண்டனுள் ஒன்றை மறந்து மற்றொன்றை மட்டும் போற்றுதல் வரலாற்று நோக்காகாது.

கம்பியே இல்லாது இதயவறையினுள்ளேயே தங்கும் சிறு முடுக்கிகள் இந்நூற்றாண்டின் இரண்டாவது தசாப்தத்திற் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. ஆயினும் செயலிழப்பு மறையவில்லை; அதன் வடிவமே மாறியுள்ளது. வானொலி அலை மூலம் மருத்துவரோடு தொடர்புகொள்ளும் முடுக்கிகளிற் பிறர் புகுந்து குழப்பம் விளைக்கக்கூடும் எனக் கண்ட அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், அந்நாட்டில் ஏறத்தாழ 465,000 முடுக்கிகளின் மென்பொருளைத் திருத்துமாறு 2017 ஆகஸ்டில் அறிவித்தது. ஒருகாலத்தில் நகர மின்விநியோகத்தின் தடைக்கு அஞ்சியவர், இன்று கண்ணுக்குப் புலனாகாத கைகளுக்கு அஞ்ச வேண்டியவராயுள்ளார்.

அருகிருந்து பேணுபவர்

இனி, தொடக்கத்தில் எழுப்பப்பட்ட வினாவுக்கு மீளலாம். 1928இலும் 1932இலும் மருத்துவருக்கு அறிவியலாளரின் துணை கிட்டியிருந்தது. ஆனால் அத்துணை கருவி அமைந்ததோடு முடிவுற்றது. கருவியை நாள்தோறும் பார்ப்பதற்கும், அது நின்றவிடத்து ஏன் நின்றது என ஆராய்வதற்கும், அடுத்ததனை அதனினுஞ் சிறந்ததாக ஆக்குவதற்கும் எவரும் விடுதியருகே இருக்கவில்லை. 1957இல் நிலைமை வேறு. சத்திரசிகிச்சையின் வளர்ச்சி மறுக்கவியலாத தேவையொன்றைத் தோற்றுவித்தது; திரான்சிற்றர் அதற்குரிய பொருளைத் தந்தது; பழுது பார்ப்பவராக வைத்தியசாலைக்குள் வந்திருந்த பொறியியலாளர் அவ்விரண்டையும் இணைத்தார். இம்மூன்றனுள் முதலிரண்டையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. மூன்றாவது பெரும்பாலும் சுவையான துணுக்காகவே கூறப்பட்டு விடப்படுகின்றது.

இதனாற் பெறப்படும் உண்மை வரலாற்று ஆர்வத்தோடு நின்றுவிடுவதன்று. வளர்முக நாடுகள் பதினாறில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவக் கருவிகளின் இருப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் நூற்றுக்கு 38க்கு மேற்பட்டவை இயங்காதிருந்தமையைக் காட்டியது. பயிற்சியின்மை, கருவிகளின் முகாமைக் குறைபாடு, மின் முதலிய அடிப்படை வசதிகளின் போதாமை என்பனவே அதற்கான தலையாய காரணங்களாகக் கூறப்பட்டன. நூறு கருவிகளை இறக்குமதி செய்து முப்பத்தெட்டினை மூலையில் ஒதுக்கிவைக்கும் நாடு, உண்மையில் அறுபத்திரண்டினையே பெற்றுள்ளது. இலங்கையைப் போன்று மருத்துவ இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றைப் பிற நாடுகளிலிருந்து பெறும் நாடுகளிலே, புதிய இயந்திரத்தின் திறப்பு விழாவுக்குக் கிட்டும் மதிப்பு, அதனைப் பத்தாண்டுகள் பழுதின்றிப் பேணியவருக்குக் கிட்டுவதில்லை. பல்கலைக்கழகங்களிலும் புனைந்து ஆக்குதல் உயர்ந்ததெனவும் திருத்திப் பேணுதல் தாழ்ந்ததெனவும் கருதும் மனப்பான்மை இன்றும் உண்டு. முடுக்கியின் வரலாறு இம்மனப்பான்மைக்கு எதிரான சான்றாகும். அங்கே ஆக்கம் பேணுதலின் வயிற்றிலேயே பிறந்தது. பழுது பார்க்கச் சென்றவரே புதியது படைத்தார்; படைத்தபின்னும் பழுது பார்ப்பதை அவரும் அவர் வழிவந்தோரும் நிறுத்தவில்லை.

ஆகவே, உயிர்மருத்துவப் பொறியியலாளருக்கென வள்ளுவரின் வகுப்பிலே ஐந்தாவது கூறொன்றைப் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை எனலாம். அவருடைய கையிலுள்ள இயந்திரம் மருந்தின் கூறினைச் சார்ந்தது. அவரோ நான்காம் கூறினைச் சார்ந்தவர். நோயாளியின் அருகிருந்து பேணுதல் ஒருகாலத்தில் நீர் கொடுப்பதும் விழித்திருப்பதுமாக இருந்தது. நெஞ்சினுள்ளே இயந்திரமொன்று துடிக்கும் இக்காலத்தில், அவ்வியந்திரத்துக்காக விழித்திருத்தலும் அதனுள் அடங்கும். லார்சனின் உடலிற் பதிக்கப்பட்ட முதற்கருவி சில மணித்தியாலங்களில் நின்றுபோயிற்று. அதன்பின் அவர் நாற்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். அக்கருவி நின்றபோது அருகே நின்றவர்கள் அகலாதிருந்தமையே அதற்குக் காரணமாகும்.